கலிப்பர் வேலைக்குப் பின் முன் பிரேக் சரியாகப் பிடிக்காவிட்டால்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

மோட்டார் சைக்கிளின் முன் கலிப்பரை (பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்றிச் சுத்தம் செய்து, சீல் மாற்றி மீண்டும் பூட்டிய பின்னர், பிரேக் லீவர் பழைய இறுக்கத்துக்கு வராமல் தொய்ந்து கிடப்பது மிகச் சாதாரணமாகக் காணப்படும் பிழை. திருகோணமலையில் இதை அடிக்கடி பார்க்கிறோம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களில் கடற்கரை மணலிலேயே நிறுத்தப்படும் வண்டிகளில் கலிப்பர் பின்களும் பிஸ்டன் விளிம்புகளும் உப்பில் இறுகிவிடுகின்றன. அவற்றை விடுவிக்கக் கலிப்பரைக் கழற்றுகிறோம். ஹோஸைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஒயில் வழியில் காற்று புகுகிறது.

இந்தப் பிழையோடு என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கலிப்பரில் இருந்த காற்றை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள். மிச்சக் காற்று மேலே, மாஸ்டர் சிலிண்டரில் (லீவரைப் பிடிக்கும்போது ஒயிலைத் தள்ளும் பாகம்) ஹோஸ் வந்து பூட்டும் இடத்தில் நிற்கும். கீழே கலிப்பரில் காற்றெடுப்பதற்கென உள்ள நிப்பிளைத் திறந்து எத்தனை போத்தல் ஒயில் விட்டாலும் அந்தக் காற்று இறங்கி வராது. ஆகவே கீழ்வரும் அறிகுறிகள் எதிலும், கலிப்பரை மறுபடி கழற்றுவதற்கு முன் மேற்பக்கத்தைப் பாருங்கள். லீவர் உறுதியாக நிற்கும் வரை வண்டியை வாசலுக்கு வெளியே எடுக்க வேண்டாம்.

வேலை தொடங்குமுன்

மூடி திறக்காத டொட் 4 பிரேக் ஒயில் போத்தல் ஒன்று வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் ஒயில் தாங்கி மூடியில் டொட் 3 என்று பொறித்திருந்தாலும் டொட் 4 ஊற்றலாம். சிலிக்கோன் வகையான டொட் 5 மட்டும் ஊற்றக் கூடாது. நிப்பிளுக்குப் பொருந்தும் வளைய ஸ்பேனர் (பெரும்பாலும் 8 மில்லிமீற்றர், சில வண்டிகளில் 7 அல்லது 10), நிப்பிளில் இறுக்கமாக ஏறும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், பாமசியில் வாங்கிய 50 மில்லிலீற்றர் சிரிஞ், பழைய துணி, ஒரு வாளித் தண்ணீர் ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும். பிரேக் ஒயில் பட்டால் பெற்றோல் தாங்கியின் பெயின்டைத் தின்றுவிடும். சிந்தினால் துடைப்பதோடு நிற்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தாலும் அதேதான்: ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாதி பாவித்துவிட்டு வைத்த போத்தலைப் பயன்படுத்தாதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டொட் 4 தரத்தின்படி புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. கடலோரத்தில், அதுவும் மாரி மாதங்களில், மூடி தளர்ந்த போத்தல் அந்த நிலைக்குச் சீக்கிரமே வந்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் காலத்திலோ வேறொரு கவனம் வேண்டும்: திறந்த முற்றத்தில் தாங்கி மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் தாங்கி அடியில் ஊசிமுனை அளவுத் துளை ஒன்று இருக்கிறது. அதை அடைக்க ஒரு மணற்துகள் போதும்.

அறிகுறி: லீவர் கைப்பிடி வரை போகிறது, அழுத்தமே இல்லை

முதலில் ஒன்றும் கழற்றாமல் லீவரை இருபது முப்பது தடவை நிதானமாகப் பிடித்து விடுங்கள். பேட் பூட்டுவதற்காகப் பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளியிருந்தால் அது வெளியே வந்து டிஸ்க்கைத் தொடுவதற்கே அத்தனை தடவை வேண்டியிருக்கும். பல வண்டிகளில் பிழை இதோடு தீர்ந்துவிடுகிறது.

தீராவிட்டால் தாங்கியில் ஒயில் மட்டத்தைப் பாருங்கள். வேலையின் நடுவே ஒரு கணம் தாங்கி வற்றியிருந்தாலும் மாஸ்டர் சிலிண்டர் முழுவதும் காற்றாகிவிடும். அதன் பிறகு லீவர் எதையும் தள்ளாது. இதற்கு, ஹாண்டிலைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரை எல்லாவற்றிலும் உயரமாக வைத்து, தாங்கியை நிரப்பி, லீவரை முதல் ஒரு சென்றிமீற்றர் மட்டும் மெல்ல மெல்ல அசையுங்கள். தாங்கியின் அடியிலிருந்து கடுகளவுக் குமிழ்கள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். அவை நிற்கும் வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். வேகமாக அடித்தால் குமிழ் உடைந்து நுரையாகி மறுபடி உள்ளேயே போகும்.

குமிழ் நின்ற பின்னரும் அழுத்தம் வராவிட்டால், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஹோஸ் போல்ட்டைச் சுற்றித் துணியை நன்றாகச் சுற்றிவிட்டு, ஒரு கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அந்தப் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஒயிலோடு காற்று சீறி வெளிவரும். லீவரை விடுவதற்கு முன்னே போல்ட்டை இறுக்கிவிட வேண்டும். இதை மூன்று நான்கு தடவை செய்தால் மேற்பக்கம் சுத்தமாகிவிடும்.

பழைய வண்டியென்றால் இன்னொன்று. லீவரை அடிவரை அமுக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் இறப்பர் கப், வழக்கமாக அது ஓடாத, கறள் பிடித்த பகுதிக்குப் போய்க் கிழியக்கூடும். லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு விரல் தடிப்பில் மரத்துண்டு வைத்துக்கொண்டு காற்றெடுங்கள். மேலே சொன்ன அனைத்தையும் செய்தும் லீவர் வெறுமையாகவே போனால் கப் தேய்ந்திருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்றுவது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

அறிகுறி: லீவர் பிடிக்கிறது, ஆனால் பஞ்சு போல அமுங்குகிறது

இதுதான் பெரும்பாலானோரை நாட்கணக்கில் அலைக்கழிப்பது. செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

நிப்பிள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கலிப்பர் வண்டியில் பூட்டிய நிலையில் நிப்பிளே அதன் ஆக உயரமான புள்ளியாக இருக்க வேண்டும். இரண்டு டிஸ்க் உள்ள வண்டிகளில் இடக் கலிப்பரும் வலக் கலிப்பரும் மாறிப் பூட்டப்பட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். அப்போது காற்று மேலே தங்கிக்கொள்ள, ஒயில் மட்டுமே வெளியேறும். ஒற்றை டிஸ்க் வண்டியிலும் சாய்ந்த ஸ்ராண்டில் நிறுத்தினால் கலிப்பருக்குள் காற்று ஒரு மூலையில் ஒதுங்கும். வண்டியை நேராக நிறுத்திச் செய்யுங்கள். அப்படியும் முழுமையாக வராவிட்டால், ஹோஸைக் கழற்றாமல் கலிப்பரை மட்டும் போர்க்கிலிருந்து கழற்றி, பேட்டுகளுக்கு நடுவே டிஸ்க் தடிப்பில் ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் வானத்தைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு காற்றெடுங்கள். மரத்துண்டு வைக்காமல் லீவரைப் பிடித்தால் பிஸ்டன் வெளியே விழுந்துவிடும். செய்த வேலை அனைத்தையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதாகும்.

அடுத்து வரிசை. லீவரைச் சிலமுறை பிடித்து அழுத்தம் சேர்த்து, பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, லீவர் இறங்கியதும் நிப்பிளை மூடி, அதன் பின்னரே லீவரை விட வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது லீவரை விட்டால் வெளியேறிய காற்று குழாய் வழியே திரும்பி உள்ளே போகும். இருவர் சேர்ந்து செய்யும்போது ஒருவர் "பிடி" என்றும் "விடு" என்றும் வாய்விட்டுச் சொல்லாமல் செய்வதால் இந்தத் தவறு நடக்கிறது. ஐந்தாறு தடவைக்கு ஒருமுறை தாங்கியின் மட்டத்தைப் பார்க்கவும் மறக்கக் கூடாது.

இந்த முறையில் இரண்டு சுற்றுச் செய்தும் லீவர் தொய்வாகவே இருந்தால், மேலிருந்து கீழே தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். கலிப்பர் முழுவதும் காலியாகிப் பூட்டிய வண்டிக்கு இதுவே ஆகச் சிறந்த வழி என்பது என் முடிவு. காற்று இயல்பாக மேலேதான் போகும், அதை எதற்காகக் கீழே இழுக்க வேண்டும்? தாங்கியிலுள்ள ஒயிலில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, சிரிஞ்சில் புதிய ஒயிலை நிரப்பி, குழாயிலும் காற்று இல்லாதபடி ஒயில் முனை வரை வந்த பின் நிப்பிளில் மாட்டி, நிப்பிளைத் திறந்து மிக மெதுவாக அமுக்குங்கள். தாங்கியின் அடித்துளையிலிருந்து குமிழ்கள் வரிசையாக எழும்புவதைக் கண்ணால் காணலாம். ஹோஸை ஸ்பேனரின் பிடியால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் சுவரில் ஒட்டிய குமிழ்களும் கழன்று வரும். தாங்கி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

கடைசியில் ஒரு சிறு தொய்வு மட்டும் மிஞ்சினால், தாங்கி மூடியைப் பூட்டி, லீவரைப் பிடித்த நிலையில் பழைய ரியூப் துண்டால் கைப்பிடியோடு கட்டி இரவு முழுவதும் விடுங்கள். நுண்ணிய குமிழ்கள் மெல்ல மேலேறி மாஸ்டர் சிலிண்டர் அருகே சேரும். காலையில் கட்டை அவிழ்த்து லீவரை மெல்ல மெல்ல அசைத்தால் தாங்கிக்குள் வெளியேறும். ஆனால் இது மிச்சத்தைத் தீர்க்கும் வழி மட்டுமே. காலையில் இறுக்கமாக இருந்த லீவர் மாலையில் மறுபடி தொய்ந்தால் எங்கோ காற்று புதிதாகப் புகுகிறது; அல்லது பிழை காற்றே அல்ல.

காற்றல்லாத காரணங்களும் உண்டு. பேட்டின் பின்தகடு வளைந்திருந்தாலோ, பேட்டின் பின்னால் வைக்கும் மெல்லிய சிம் தகடு மடிந்து உட்கார்ந்திருந்தாலோ, கலிப்பர் பின் கிறீஸ் இல்லாமல் இறுகியிருந்தாலோ, லீவர் அந்த வளைவை நிமிர்த்துவதிலேயே தன் தூரத்தைச் செலவழிக்கும். கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளி ஒரு கிளாம்பால் அங்கேயே இறுக்கிப் பிடித்துவிட்டு லீவரைப் பிடித்துப் பாருங்கள். அப்போது லீவர் கல்லாக நின்றால் ஒயில் வழியில் காற்று இல்லை. பிழை பேட், பின், டிஸ்க் இவற்றில் ஒன்றில் இருக்கிறது. அப்போதும் தொய்வாக இருந்தால் காற்று இருக்கிறது, அல்லது ஹோஸ் வீங்குகிறது. ஒருவர் லீவரைப் பலமாகப் பிடிக்க, மற்றவர் ஹோஸை விரல்களால் சுற்றிப் பிடித்தால் வீக்கம் கைக்குத் தெரியும். வெடிப்பு விழுந்த ஹோஸை மாற்றத்தான் வேண்டும். ஒட்டிப் பாவிக்கக் கூடிய பொருள் அல்ல அது.

அறிகுறி: குழாயில் குமிழ் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது

லீவர் உறுதியாக நிற்கிறது, குழாயில் மட்டும் சின்னக் குமிழ்கள் தொடர்கின்றன என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். நிப்பிளைத் திறக்கும்போது அதன் புரி வழியே வெளிக்காற்று குழாய்க்குள் இழுபடுகிறது; சிரிஞ்சால் அல்லது வேறு உறிஞ்சியால் இழுத்தால் இது இன்னும் அதிகம். நிப்பிளை எட்டில் ஒரு சுற்று மட்டும் திறந்து பாருங்கள், குமிழ் குறையும். நிப்பிளைக் கழற்றி அதன் புரியில் மட்டும், கூம்பு முனையில் படாமல், வெள்ளைத் தெப்லோன் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றினாலும் குறையும்.

லீவரும் தொய்வாக, குமிழும் நிற்காமல் வந்தால் ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் உள்ள செப்பு வொஷர்களைப் பாருங்கள். ஒரு போல்ட்டுக்கு இரண்டு வொஷர். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதியவை போட வேண்டும். விலை மிகச் சிறியது, ஆனாலும் பழையதையே திருப்பிப் போடும் பழக்கம் எங்கும் இருக்கிறது.

அறிகுறி: தொடர்ந்து பிடித்தால் உயரமாகவும் இறுக்கமாகவும் வருகிறது, சற்று ஓடிய பின் மறுபடி இறங்குகிறது

இரண்டாம் பிடியில் லீவர் உயரமாக வந்தும் உள்ளே துள்ளல் இருந்தால் அது காற்று. மேற்சொன்ன பகுதிக்குப் போகவும். உயரமாக வந்து கல்லாகவும் நின்றால், பிஸ்டன் தேவைக்கு மேல் பின்வாங்குகிறது. சீல் புதிதாக மாற்றிய வண்டியில், சீல் பிரேக் ஒயிலில் நனைக்கப்படாமல் உலர்வாகப் பூட்டப்பட்டிருந்தால் இப்படி நடக்கும். சீல் இருக்கும் பள்ளத்தில் உப்புத் தூள் சுரண்டப்படாமல் இருந்தாலும் நடக்கும். பின்னதை நான் இங்கே அதிகம் காண்கிறேன். வெண்மையான அந்தப் படிவு சீலைப் பின்னிருந்து நெருக்குகிறது, பிஸ்டன் சீராக ஓட மறுக்கிறது. கலிப்பரை மறுபடி கழற்றி, பள்ளத்தை மரக்குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இரும்பு ஊசியால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும்.

பள்ளம் சுத்தமென்றால் முன்சில்லைத் தூக்கி, ரயரை இருபுறமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பெயரிங்கில் ஆட்டம் இருந்தாலோ டிஸ்க் கோணியிருந்தாலோ, சில்லு சுற்றும்போது டிஸ்க்கே பேட்டுகளைத் தள்ளி விலக்கிவிடும். டிஸ்க்கைத் தட்டி நிமிர்த்த முயலாதீர்கள்.

அறிகுறி: பிடித்துக்கொண்டே இருந்தால் லீவர் மெல்ல இறங்குகிறது

வண்டியை நிறுத்தி, லீவரை நடுத்தரப் பலத்தோடு ஒரு நிமிடம் பிடித்திருங்கள். இறங்கினால் ஒயில் எங்கோ தப்பிப் போகிறது. நிப்பிள், இரண்டு ஹோஸ் போல்ட், பிஸ்டன் விளிம்பு, மாஸ்டர் சிலிண்டரில் லீவர் முட்டும் இடத்து இறப்பர் உறை ஆகியவற்றில் வெள்ளைக் கடதாசியை ஒற்றிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்த இடம். எங்கும் ஈரம் இல்லாமல் லீவர் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் கப் உள்ளுக்குள்ளேயே ஒயிலை விடுகிறது. இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகக் கூடாது. ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஹோஸ் போல்ட்டில் ஈரம் கண்டதும் பலங்கொண்ட மட்டும் இறுக்கும் எண்ணம் வரும். கலிப்பரும் மாஸ்டர் சிலிண்டரும் அலுமினியம். புரி ஒருமுறை போய்விட்டால் முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டி வரலாம். வொஷரை மாற்றி, முகப்பைத் துடைத்து, அளவாக இறுக்குங்கள். நிப்பிளுக்கு அதிலும் குறைந்த இறுக்கமே போதும்.

அறிகுறி: லீவர் கல்லாக நிற்கிறது, வண்டி நிற்கவில்லை

இங்கே காற்றுக்குச் சம்பந்தமில்லை, காற்றெடுத்து ஒயிலை வீணாக்க வேண்டாம். பேட் புதிதென்றால் அது டிஸ்க்கோடு படிய வேண்டும்: ஆளில்லாத சமதரை வீதியில், மணிக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓடி, சில்லு பூட்டாமல் நடைவேகத்துக்குக் குறைப்பதை இடைவெளி விட்டுப் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். பழைய பேட்டென்றால் வேலையின்போது ஒயிலோ கிறீஸோ அதில் பட்டிருக்கும். ஊறிய பேட்டை அடுப்பில் சுடுவதும் அரத்தால் தேய்ப்பதும் தற்காலிகமே, மாற்றிவிடுங்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஒரு பேட் தலைகீழாக, பின்தகடு டிஸ்க்கைப் பார்க்கும்படி பூட்டப்பட்டிருப்பதும் நடக்கிறது. உரசும் ஒலியே காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: லீவரை விட்ட பிறகும் சில்லு இலகுவாகச் சுற்றவில்லை

முன்சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இலேசான உரசல் இயல்பு. கையால் தள்ளவே கடினமென்றால் பிழை. அந்த நிலையில் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தால் பிழை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

ஒயில் பீறிட்டுச் சில்லு விடுபட்டால், அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. தாங்கி விளிம்பு வரை நிரப்பப்பட்டிருக்கிறதா, லீவர் தன் முழு நிலைக்குத் திரும்புகிறதா என்பவற்றை முதலில் பாருங்கள். பிறகு அந்த ஊசிமுனைத் துளையைப் பாருங்கள். துளையில் அழுக்கு இருந்தால் மென்மையான நைலோன் நூலால் எடுக்கலாம். துளை திறந்திருந்தால் ஹோஸின் உட்சுவர் சரிந்து ஒருவழிக் கதவாகிவிட்டிருக்கலாம்.

நிப்பிளைத் திறந்தும் சில்லு விடுபடாவிட்டால் பிழை கலிப்பரிலேயே: பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் சிக்கியிருக்கிறது. கழற்றி, பின்களுக்கு இறப்பரைப் பாதிக்காத சிலிக்கோன் கிறீஸ் பூசுங்கள். பிஸ்டனின் மேற்பரப்பில் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் பிஸ்டனை மாற்ற வேண்டும். மட்டக்கடதாசியால் தேய்த்துப் பூட்டினால் அதே குழி புதுச் சீலைக் கிழித்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கலிப்பரைப் பெற்றோலில் அல்லது மண்ணெண்ணெயில் கழுவுவது நம் ஊரில் பரவலான வழக்கம். பிரேக்கின் இறப்பர்கள் இவற்றில் ஊறினால் பருத்துவிடும். பருத்த சீல் பிஸ்டனைத் திரும்ப விடாது. சாதாரண கிறீஸும் என்ஜின் ஒயிலும் இதையே செய்யும். ஒயில் வழிக்குள் இவை சென்றிருந்தால் கலிப்பர் சீல்களோடு மாஸ்டர் சிலிண்டர் கிட்டையும் ஹோஸையும் சேர்த்து மாற்ற வேண்டும். கழுவுவதற்குப் பிரேக் கிளீனர் அல்லது புதிய பிரேக் ஒயில் போதும்.

அறிகுறி: நிப்பிள் திறக்கவே இல்லை

திறந்த வாய் ஸ்பேனரைத் தொடாதீர்கள். ஆறு பட்டைக் கோப்பை ஸ்பேனரால் (சொக்கற்) மட்டும் முயலுங்கள். கறள் நீக்கும் திரவத்தைப் பேட்டில் படாமல் அடித்து ஒரு இரவு விட்டு, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் அசைத்து, அதன் பின் திறக்கும் பக்கம் திருப்புங்கள். நெருப்புக் காட்ட வேண்டாம், பிரேக் ஒயில் தீப்பற்றும். இரண்டு முயற்சியில் அசையாவிட்டால் நிறுத்திவிட்டுக் கலிப்பரைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அசையாத நிப்பிளை அவர்கள் எடுத்துத் தருவார்கள். உடைந்த நிப்பிளை எடுப்பது பன்மடங்கு செலவு. திறந்த நிப்பிளுக்கு இறப்பர் மூடி போடுவது உப்பு மறுபடி ஏறாதிருக்க.

வீதிக்கு எடுக்குமுன்

லீவரைப் பலமாகப் பத்துத் தடவை பிடித்து, ஒரு நிமிடம் பிடித்திருந்து, எங்கும் ஈரமில்லை என்று உறுதி செய்த பின், வளவுக்குள் தள்ளிக்கொண்டே பிடித்துப் பாருங்கள். பிறகு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உவர்மலை இறக்கத்திலோ கோணேஸ்வரம் போகும் ஏற்ற இறக்கத்திலோ முதல் ஓட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலையில் லீவர் முந்திய நாளின் உயரத்திலேயே நிற்கிறதா என்று பார்த்த பிறகே பின்னால் ஒருவரை ஏற்றுங்கள்.

ஏபிஎஸ் பூட்டிய வண்டிகள்

ஏபிஎஸ் என்பது பலமாகப் பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. கலிப்பர் மட்டும் காலியான ஏபிஎஸ் வண்டியில் மேற்சொன்ன முறைகள் பெரும்பாலும் போதுமானவை. ஆனால் தாங்கி வற்றி ஏபிஎஸ் அலகுக்குள் காற்று சென்றுவிட்டால், அதனுள் இருக்கும் வால்வுகளைக் கருவி கொண்டு இயக்காமல் அந்தக் காற்று வெளிவராத வண்டிகள் உள்ளன. மேற்பக்கமும் கீழ்ப்பக்கமும் சுத்தமாக இருந்தும் லீவர் தொய்வாக நின்றால், கருவி வைத்திருக்கும் முகவர் சேவை நிலையத்துக்கு வண்டியை லொறியில் ஏற்றி அனுப்புங்கள். தாங்கி வற்றியது என்பதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்கள் அந்த அலகிலிருந்தே வேலையைத் தொடங்குவார்கள்.